கடைசி மொஹிகன்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வாசிப்புக் குழுவில் அடிக்கடி யாராவது ஒருவர் ‘தி லாஸ்ட் ஆஃப் தி மொஹிகன்ஸ்’ நாவலைக் கையில் எடுப்பார். இரண்டாவது வாரமே எனக்குப் போன் வரும். மூன்று முறை படித்தவன் என்ற ஒரே தகுதியில் நானும் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். கேள்விகள் பெரும்பாலும் அதேதான் என்பதால், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதி வைத்துவிட்டேன். முடிவு தெரியாமல் படிக்க விரும்புகிறவர்கள் முதல் ஐந்து கேள்விகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இது என்ன கதைங்க? ரெண்டு வரியில சொல்ல முடியுமா?

இரண்டு வரியில் முடியாது, ஒரு பத்தியில் முடியும். 1757-ஆம் வருடம். இன்றைய நியூயார்க் மாநிலத்தின் வடக்குக் காடுகளில் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் சண்டை. வில்லியம் ஹென்றி கோட்டையின் தளபதி மன்ரோ. அவருடைய மகள்கள் கோராவும் ஆலிஸும் எட்வர்ட் கோட்டையிலிருந்து அப்பாவைப் பார்க்கக் கிளம்புகிறார்கள். துணைக்கு டங்கன் ஹேவர்ட் என்ற இளம் அதிகாரி, வழிகாட்ட மாகுவா என்ற ஹூரான் பழங்குடி வீரன். மாகுவா வேண்டுமென்றே வழியை மாற்றுகிறான். அந்த நேரத்தில் காட்டில் எதிர்ப்படும் மூன்று பேர்தான் கதையின் உயிர்: ஹாக்ஐ என்ற வெள்ளைக்கார வேட்டைக்காரர், அவருடைய நண்பர் சிங்காச்கூக், அவர் மகன் உன்காஸ். பின்னவர்கள் இருவரும் மொஹிகன் என்ற பழங்குடியினர்.

அதற்கப்புறம் துரத்தல், பிடிபடுதல், தப்பித்தல், மறுபடி பிடிபடுதல். நடுவில் கோட்டை முற்றுகை. இரண்டு கோட்டைகளுக்கும் இடையே தூரம் சுமார் 25 கிலோமீட்டர்தான். அதைக் கடக்க இவர்கள் படுகிற பாட்டில் பாதி நாவல் ஓடிவிடுகிறது.

எழுதியவர் யார்? அந்தக் காலத்திலேயே எழுதினதா?

ஜேம்ஸ் ஃபெனிமோர் கூப்பர். பிறந்தது 1789, இறந்தது 1851. நாவல் 1826-இல் பிலடெல்பியாவில் இரண்டு பாகங்களாக வந்தது. ஆக, கதை நடந்து கிட்டத்தட்ட எழுபது வருடம் கழித்து, அந்தப் போரைக் கண்ணால் பார்க்காதவர் எழுதியது. இந்த எழுபது வருட இடைவெளியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கூப்பர் வளர்ந்தது கூப்பர்ஸ்டவுன் என்ற ஊரில். அவருடைய அப்பாவே நிலம் வாங்கி, குடியேற்றி, தன் பெயரை வைத்த ஊர் அது. காடு ஊராவதைப் பார்த்தே வளர்ந்த பையன். யேல் கல்லூரியிலிருந்து வெளியேற்றப்பட்டு, கொஞ்ச காலம் கடற்படையில் இருந்து, முப்பது வயதில்தான் எழுத வந்தார்.

பிரெஞ்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் அமெரிக்காவில் எதுக்குச் சண்டை போட்டாங்க?

அப்போது அமெரிக்கா என்ற நாடு இல்லை. கிழக்குக் கரையோரம் ஆங்கிலேயக் குடியேற்றங்கள், வடக்கே கனடாவில் பிரெஞ்சு ஆட்சி. நடுவில் இருந்த ஆறுகளும் ஏரிகளும்தான் போக்குவரத்துச் சாலைகள். அவற்றையும் ஓஹாயோ பள்ளத்தாக்கையும் யார் வைத்திருப்பது என்று 1754-இல் தொடங்கிய போர் இது. இரண்டு பக்கமும் பழங்குடி நாட்டினர் கூட்டாளிகளாக நின்றார்கள், அவரவர் காரணங்களுக்காக. நாவலின் முதல் பக்கங்களில் ஆங்கிலேயத் தரப்பு நடுங்கிக் கிடக்கிறதே, அது மிகையில்லை. 1757 வரை அவர்களுக்குத் தோல்வி மேல் தோல்வி.

1756-இல் இது ஐரோப்பாவோடு சேர்ந்து ஏழாண்டுப் போராக விரிந்தது. அதே போர்தான் நம் பக்கமும் வந்தது. 1760 ஜனவரியில் வந்தவாசியில் லாலியின் பிரெஞ்சுப் படை தோற்றது, அடுத்த ஜனவரியில் புதுச்சேரி விழுந்தது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பின் கடைசி வருடங்கள் இந்தக் காலம்தான். 1763 பாரிஸ் உடன்படிக்கை ஒரே மையில் கனடாவை ஆங்கிலேயருக்கும் புதுச்சேரியைத் திரும்ப பிரெஞ்சுக்காரருக்கும் எழுதிக் கொடுத்தது.

ஹாக்ஐ வெள்ளைக்காரரா, செவ்விந்தியரா? ஏன் அவருக்கு இத்தனை பேர்?

வெள்ளைக்காரர். சந்தேகமே வரக்கூடாது என்று அவரே பத்துப் பக்கத்துக்கு ஒரு தடவை ‘என் ரத்தத்தில் கலப்பு இல்லை’ என்று சொல்லிக்கொண்டிருப்பார். முதல் வாசிப்பில் எரிச்சலாக இருந்தது. பிறகு யோசித்தால், பழங்குடிகளோடு தின்று உறங்கி, அவர்களை மாதிரியே உடுத்தி வாழ்கிற ஒருவருக்கு அதை யாருக்கு நிரூபிக்க வேண்டியிருக்கிறது என்ற கேள்வி வருகிறது.

இயற்பெயர் நேதனியல், சுருக்கமாக நாட்டி பம்ப்போ. ஹாக்ஐ என்றால் பருந்துக் கண்ணர், மொஹிகன் நண்பர்கள் அழைக்கும் பெயர். அவருடைய துப்பாக்கியைப் பார்த்துப் பயந்த பிரெஞ்சுத் தரப்பு வைத்தது ‘நீளத் துப்பாக்கி’. இவரை வைத்து கூப்பர் எழுதியவை மொத்தம் ஐந்து நாவல்கள்; மற்ற நான்கில் மான்கொல்லி, வழிகாண்பவர், தோல்காலுறைக்காரர் என்று வேறு பெயர்கள். எல்லாம் ஒரே ஆள்தான்.

அப்புறம் அந்த ‘செவ்விந்தியர்’ என்ற சொல். நாமெல்லாம் அதைச் சொல்லித்தான் வளர்ந்தோம். ஆனால் தோல் நிறத்தையும் கொலம்பஸின் தவறையும் ஒட்டவைத்துச் செய்த பெயர் அது. பழங்குடியினர் என்றோ அந்தந்த நாட்டின் பெயராலோ சொல்லிவிட்டால் கதையும் தெளிவாகப் புரியும். இந்த நாவலில் ஹூரான், டெலவர், மொஹிகன் வித்தியாசம் தெரியாவிட்டால் பின்பாதியில் தலை சுற்றிவிடும்.

ஐந்து நாவல்ல இது எத்தனையாவது? வரிசையாத்தான் படிக்கணுமா?

வேண்டாம். இதை மட்டும் தனியாகப் படிக்கலாம். எழுதிய வரிசை: ‘தி பயனியர்ஸ்’ 1823, இது 1826, ‘தி ப்ரெய்ரி’ 1827, ‘தி பாத்ஃபைண்டர்’ 1840, ‘தி டீர்ஸ்லேயர்’ 1841. நாட்டியின் வயதுப்படி பார்த்தால் கடைசியாக எழுதியதுதான் முதல் கதை, இது இரண்டாவது. முதலில் எழுதியதில் அவர் ஏற்கெனவே கிழவர்.

இந்த நாவலே மெதுவாகத்தான் தொடங்கும். முதல் அத்தியாயம் முழுக்க நிலப்பரப்பும் போர்ச் சூழலும். சிங்காச்கூக் வரும் மூன்றாவது அத்தியாயம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். வாக்கியங்கள் நீளம், ஆட்கள் உயிர் போகிற நேரத்திலும் சாவகாசமாகப் பேசுவார்கள். காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டதால் ஆங்கில மூலம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதாக இருந்தால் சுருக்கப் பதிப்பு நல்லது. பதினேழாவது அத்தியாயத்தில் ஒரு கைக்குழந்தைக்கு நேர்வதை நானே ஒவ்வொரு முறையும் தாண்டிப் போய்விடுகிறேன்.

கோட்டை முற்றுகை உண்மையிலேயே நடந்ததா?

நடந்தது. ஜார்ஜ் ஏரியின் தென்முனையில் 1755-இல் கட்டிய கோட்டை அது. 1757 ஆகஸ்ட் 3 முதல் 9 வரை மான்ட்காம் தலைமையில் பிரெஞ்சுப் படை சூழ்ந்தது. வந்தவர்கள் எட்டாயிரம் பேர் அளவில், அதில் ஏறத்தாழ 1,800 பேர் முப்பதுக்கும் மேற்பட்ட பழங்குடி நாடுகளிலிருந்து வந்த வீரர்கள். உள்ளே சுமார் 2,300 பேர். எட்வர்ட் கோட்டையிலிருந்த தளபதி வெப் உதவி அனுப்பவில்லை. சரணடைவது நல்லது என்று அவர் எழுதிய கடிதம் தூதரோடு பிரெஞ்சுக்காரர் கையில் சிக்கியது. மான்ட்காம் அதை மரியாதையாகக் கோட்டைக்கே அனுப்பி வைத்தார். நாவலில் வரும் இந்தக் காட்சியை நான் முதலில் கற்பனை என்றே நினைத்தேன். ஏறக்குறைய அப்படியேதான் நடந்திருக்கிறது.

கோட்டையைப் பிறகு பிரெஞ்சுக்காரர்கள் எரித்துவிட்டார்கள். இப்போது அங்கே இருப்பது 1950-களில் திரும்பக் கட்டியது.

அப்போ மன்ரோவும் ரெண்டு பொண்ணுங்களும் நிஜமா?

மன்ரோ நிஜம், பெண்கள் கற்பனை. நிஜத் தளபதி ஜார்ஜ் மன்ரோ அதே 1757 நவம்பரில் ஆல்பனியில் இறந்தார். முற்றுகையின்போது கோட்டையில் அவருக்கு மகள்கள் யாரும் இல்லை. மான்ட்காமும் வெப்பும் நிஜ மனிதர்கள். ஹாக்ஐ, சிங்காச்கூக், மாகுவா, டங்கன், பாட்டு வாத்தியார் டேவிட் காமட் எல்லாரும் கூப்பர் உருவாக்கியவர்கள்.

இடங்களிலும் இந்தக் கலவை உண்டு. அருவிக்கு நடுவே இவர்கள் ஒளிந்திருக்கும் குகை உண்மையாகவே கிளென்ஸ் ஃபால்ஸில் இருக்கிறது. 1824-இல் சில ஆங்கிலேயப் பயணிகளோடு கூப்பர் அங்கே போனார், கதைக்கு விதை விழுந்தது அங்கேதான். ஆனால் ‘ஹொரிக்கன்’ என்று ஏரிக்கு அவர் கொடுக்கும் பெயரை நம்பாதீர்கள். பிரெஞ்சுப் பெயர் சிக்கல், ஆங்கிலப் பெயர் சாதாரணம் என்று நினைத்து, ஒரு பழைய வரைபடத்தில் கண்ட இனப்பெயரை எடுத்து வைத்துவிட்டதாக அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

சரணடைஞ்ச பிறகு அந்தப் படுகொலை... அவ்வளவு பேர் செத்தாங்களா?

ஐந்நூறிலிருந்து ஆயிரத்து ஐந்நூறு வரை என்று கணக்குகள் உண்டு என்கிறார் கூப்பர். 1990-இல் வரலாற்றாசிரியர் இயன் ஸ்டீல் பட்டியல்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, கொல்லப்பட்டவர்களும் காணாமற்போனவர்களும் சேர்ந்து 69-க்குக் குறையாது, 184-க்கு மேல் போகாது என்றார். சிறைபிடிக்கப்பட்ட பலர் பின்னால் மீட்புப் பணம் கொடுத்து விடுவிக்கப்பட்டார்கள். கொடுமை நடந்தது உண்மை. அளவுதான் நாவலில் ஊதிவிட்டது.

ஏன் நடந்தது என்பதை நாவல் சரியாகச் சொல்வதில்லை. ரத்தவெறி, மான்ட்காமின் அலட்சியம், அவ்வளவுதான் அங்கே. நிஜத்தில் அந்த வீரர்கள் பல வாரப் பயணம் செய்து, சம்பளம் இல்லாமல் வந்தவர்கள். அவர்களுக்குப் போரின் கூலி கொள்ளைப்பொருளும் கைதிகளும்தான். மான்ட்காம் அவர்களைக் கலக்காமலேயே, எதிரிகள் கொடி, துப்பாக்கி, உடைமைகளோடு போகலாம், பதினெட்டு மாதம் சண்டைக்கு வராமல் இருந்தால் போதும் என்று ஐரோப்பிய முறைப்படி ஒப்பந்தம் போட்டுவிட்டார். கூட்டாளி தங்களை ஏமாற்றிவிட்டான் என்று அவர்கள் நினைத்தார்கள். ஆகஸ்ட் 10 காலையில் எட்வர்ட் கோட்டையை நோக்கி நடந்த வரிசைமீது பாய்ந்தார்கள். கோட்டையில் பெரியம்மை இருந்தது. கொள்ளையோடும் கைதிகளோடும் அது பெரிய ஏரிகள் வரை போய், அவர்கள் ஊர்களையே அழித்தது. நாவலில் இது பற்றி ஒரு வரிகூட இல்லை.

மாகுவா வெறும் வில்லன்தானே? எனக்கு ஏனோ அவன்மேல பாவமா இருக்கு.

எனக்கும். பதினோராவது அத்தியாயத்தில் கோராவிடம் அவனே தன் கதையைச் சொல்கிறான். ஹூரான் தலைவனாக இருந்தவன். வெள்ளைக்காரர் கொண்டுவந்த சாராயம் புத்தியைக் கெடுத்தது, சொந்த மக்களே விரட்டினார்கள். கடைசியில் ஆங்கிலேயர் பக்கம் வந்து சேர்ந்தான். குடித்துவிட்டு வந்ததற்காக மன்ரோ அவனை எல்லார் முன்னாலும் கட்டிவைத்துச் சாட்டையால் அடிக்க வைத்தார். போரில் பட்ட தழும்பைக் காட்டிப் பெருமைப்படுபவன், முதுகுத் தழும்பைத் துணியால் மூடிக்கொள்கிறான். சாராயம் கொடுத்தது யார், தண்டித்தது யார் என்று அவன் கேட்கும்போது கோராவிடம் உருப்படியான பதில் இல்லை.

ஆனால் இதைச் சொன்ன கையோடு, பழிக்குப் பழியாகத் தன் மனைவியாக வா என்று அவளை மிரட்டுகிறான். கூப்பர் அவனுக்கு நல்ல வாதத்தைக் கொடுத்துவிட்டு, அந்த வாதத்தைக் கேட்கவிடாத ஒரு குணத்தையும் கொடுத்துவிடுகிறார். வாசகரை ஓரளவுக்கு மேல் இரங்கவிடாமல் பார்த்துக்கொள்கிற சாமர்த்தியம் அது.

கோராவையும் உன்காஸையும் எதுக்குச் சாகடிச்சார்? சேர்த்து வெச்சிருக்கலாமே!

அதிகம் வருகிற புகார் இதுதான். பதினாறாவது அத்தியாயத்தில் விடை இருக்கிறது. கோராவின் தாய் மேற்கிந்தியத் தீவுகளைச் சேர்ந்தவர், அவருடைய முன்னோரில் அடிமைகளும் உண்டு என்று மன்ரோ டங்கனிடம் சொல்கிறார். அதனால்தான் அவளை விட்டு ஆலிஸைக் கேட்கிறாயா என்று சீறுகிறார். அப்படிப்பட்ட எண்ணமே எனக்கு இல்லை என்கிறான் டங்கன். அடுத்த மூச்சிலேயே, அந்த எண்ணம் அவனுக்குள் வேரோடிக் கிடந்தது என்று ஆசிரியர் போட்டு உடைத்துவிடுகிறார்.

உன்காஸ் கோராவை நேசிப்பதை கூப்பர் மறைக்கவில்லை. ஆனால் 1826 அமெரிக்க நாவலில் அந்த இருவரையும் சேர்த்து வைத்து ஒரு வீடு கொடுக்க அவருக்குத் துணிவில்லை. கோராவை ஒரு ஹூரான் குத்துகிறான், உன்காஸை மாகுவா கொல்கிறான், மாகுவாவை ஹாக்ஐ சுடுகிறார். இறுதிச் சடங்கில் டெலவர் பெண்கள் இருவரும் மறு உலகில் சேர்வார்கள் என்று பாட, ஹாக்ஐ தலையை ஆட்டி மறுக்கிறார். நிறமும் அந்தஸ்தும் இல்லாமல் எல்லாரும் கடவுள்முன் கூடும் நாள் வரும் என்று இவர்களிடம் சொல் என்கிறார் மன்ரோ. அப்படிச் சொல்வது குளிர்காலத்தில் பனி பெய்யாது என்று சொல்வது மாதிரி என்று ஹாக்ஐ தட்டிக்கழிக்கிறார். கதைநாயகன் வாயிலிருந்தே இது வருவதுதான் எனக்கு உறுத்துகிறது.

படம் பார்த்துட்டேன். இனி புத்தகம் எதுக்கு?

1992-இல் மைக்கேல் மான் எடுத்த படத்தைச் சொல்கிறீர்கள் என்றால், பாதிக் கதை வேறு. படத்தில் ஹாக்ஐக்கும் கோராவுக்கும் காதல், டங்கன் தியாகியாக எரிந்து சாகிறான், ஆலிஸ் பாறையிலிருந்து குதிக்கிறாள், மன்ரோவை மாகுவா கொல்கிறான். நாவலில் ஹாக்ஐ யாரையும் காதலிக்கவில்லை. டங்கனும் ஆலிஸும் பிழைத்து ஊர் திரும்புகிறார்கள். மன்ரோ மகள் போன துக்கத்தில் சீக்கிரமே கண்மூடுகிறார். டேவிட் காமட் படத்தில் கிடையாது. நாவலில் அவர் வேளைகெட்ட வேளையில் சங்கீதம் பாட, பைத்தியம் என்று நினைத்து ஹூரான்கள் தொடாமல் விட்டுவிடுவார்கள். படத்தின் மலைகளும் நியூயார்க் மலைகள் இல்லை, வட கரோலினாவில் எடுத்தது.

படம் நாவலை விடக் கச்சிதம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மேலே சொன்ன பதினாறாவது அத்தியாயம் அதில் இல்லை.

மார்க் ட்வெய்ன் இவரைக் கிழிகிழின்னு கிழிச்சாராமே?

1895-இல். ஒரு பக்கத்தின் மூன்றில் இரண்டு பங்கில் 115-க்கு 114 இலக்கியக் குற்றங்கள் செய்து சாதனை படைத்தவர் என்றார். அது ‘தி டீர்ஸ்லேயர்’ பற்றியது. யாராவது பதுங்கி இருந்தால் உடனே ஒருவர் காய்ந்த குச்சியை மிதித்துச் சத்தம் எழுப்புவார் என்ற கேலி எல்லா நாவலுக்கும் சேர்த்து. இந்த நாவலும் தப்பவில்லை. மூடுபனியில் பீரங்கிக் குண்டு உருண்ட தடத்தைப் பிடித்துக் கோட்டையைத் தேடுவதும், ஓடையைத் திருப்பிவிட்டு அடியில் காலடித் தடம் பார்ப்பதும் அவர் பட்டியலில் உண்டு.

நியாயமான கேலிதான். ஹாக்ஐ கரடித் தோலைப் போர்த்திக்கொண்டு ஹூரான் ஊருக்குள் நடமாடுவதை ட்வெய்ன் விரித்து எழுதாமல் விட்டது கூப்பரின் அதிர்ஷ்டம்.

அப்பா உயிரோட இருக்கும்போது மகன் எப்படி ‘கடைசி’ ஆவான்?

நல்ல கேள்வி. மூன்றாவது அத்தியாயத்தில் சிங்காச்கூக்கே மகனைக் காட்டி, இவன்தான் மொஹிகன்களில் கடைசி என்கிறார். இவனுக்கு அப்புறம் வம்சம் இல்லை என்ற பொருளில். முடிவில் நூறு வயதைத் தாண்டிய டெலவர் முதியவர் டாமனுண்ட், அந்த இனத்தின் கடைசி வீரனைப் பார்க்கவும் நான் உயிரோடு இருந்துவிட்டேன் என்று சொல்லி முடிக்கிறார். ஆக, தலைப்பு உன்காஸுக்கு உரியது. மகனைப் புதைத்துவிட்டு நிற்கும் அப்பாதான் கடைசி என்று படம் மாற்றிவிட்டது. குழப்பம் அங்கிருந்து வருகிறது. ‘தி பயனியர்ஸ்’ படித்தவர்களுக்கு சிங்காச்கூக்கின் முடிவு தெரியும்: குடியில் விழுந்த கிழவராகக் காட்டுத்தீயில்.

அப்போ மொஹிகன் இனமே அழிஞ்சு போச்சா?

இல்லை. இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான்.

கூப்பர் இரண்டு மக்களைப் போட்டுக் குழப்பிவிட்டார். ஹட்சன் ஆற்றங்கரையில் வாழ்ந்தவர்கள் மொஹிகன்கள், ஓய்வில்லாமல் ஓடும் நீரின் மக்கள் என்பது அவர்களுடைய சொந்தப் பெயரின் பொருள். கனெக்டிகட்டில் வாழ்ந்தவர்கள் மொஹீகன்கள், அது வேறு நாடு. உன்காஸ் என்ற பெயர் அந்த மொஹீகன்களின் புகழ்பெற்ற தலைவருடையது, அவர் 1680-களிலேயே இறந்துவிட்டார். கூப்பர் பெரிதும் நம்பியது ஜான் ஹெக்கவெல்டர் என்ற மொராவிய மதபோதகர் எழுதியதை. டெலவர்களோடு வாழ்ந்த அவருக்கு டெலவர் தரப்பு நல்லவர்கள், இரோக்வாய் என்ற பழங்குடிக் கூட்டமைப்பின் தரப்பு வஞ்சகர்கள். நாவலில் ‘மிங்கோ’ என்ற வசைச்சொல் நிமிடத்துக்கு ஒரு தரம் வருவதும், இரோக்வாய்களின் பழைய எதிரிகளான ஹூரான்களையும் அதே மூட்டையில் கட்டுவதும் இதனால்தான்.

இரண்டு மக்களும் இன்றும் இருக்கிறார்கள். மொஹீகன்கள் கனெக்டிகட்டில், 1994-இல் கூட்டாட்சி அங்கீகாரம் பெற்று. மொஹிகன்கள் விஸ்கான்சினில், ஸ்டாக்பிரிட்ஜ்-மன்சி சமூகம் என்ற பெயரில். 1820-களில், கூப்பர் இந்த நாவலை எழுதிக்கொண்டிருந்த அதே காலத்தில், அவர்கள் நியூயார்க்கிலிருந்து அங்கே பெயர்ந்துகொண்டிருந்தார்கள். நாவல் வெளிவந்து நான்கு வருடம் கழித்து, 1830-இல், தென்கிழக்குப் பழங்குடிகளை மிசிசிப்பிக்கு அப்பால் வெளியேற்றும் சட்டமும் வந்தது. தானாகவே மறைந்துகொண்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டால் துரத்துவது எளிது. கூப்பர் அந்த எண்ணத்தோடு எழுதினார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் புத்தகம் அந்த எண்ணத்துக்கு உதவியது.

நிஜ மொஹிகன்கள் இந்தப் போரில் இருந்தாங்களா, இல்ல அதுவும் கற்பனையா?

இருந்தார்கள். ஒரு அப்பாவும் மகனுமாக இல்லை, தனிப் படைப்பிரிவாகவே. மாசச்சூசெட்ஸின் ஸ்டாக்பிரிட்ஜில் குடியிருந்த மொஹிகன்கள் 1756 முதல் ஆங்கிலேயத் தரப்பில், ராபர்ட் ராஜர்ஸின் ரேஞ்சர் படையோடு சேர்ந்து, ஜார்ஜ் ஏரிப் பக்கக் காடுகளில் வேவு பார்த்தார்கள். அவர்களுடைய கேப்டன் ஜேக்கப் சீக்ஸாங்குன் ஒரு மொஹிகன்.

பின்னால் அமெரிக்கப் புரட்சியிலும் ஸ்டாக்பிரிட்ஜ் மொஹிகன்கள் குடியேறிகளின் பக்கம் நின்றார்கள். 1778 ஆகஸ்டில், இன்று நியூயார்க் நகரின் பிராங்க்ஸாக இருக்கும் இடத்தில், ஒரே சண்டையில் அவர்களில் பலர் மாண்டார்கள். போர் முடிந்து வந்தவர்களின் ஊர் நிலம் பெரும்பாலும் கடனிலும் விற்பனையிலும் வெள்ளைக்கார அண்டைவீட்டார் கைக்குப் போயிருந்தது. 1780-களில் மூட்டையைக் கட்டி நியூயார்க்கில் ஒனைடா மக்கள் கொடுத்த இடத்துக்குப் போனார்கள். விஸ்கான்சின் அதற்கும் அப்புறம்.